மனப்பாடம் மட்டும் அல்ல

வேதாகமத்தில் சங்கீதம் 119:11-இல் “உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்” என்பது வசனத்தை மனப்பாடம் செய்வதைத்தான் குறிக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதிதான் சரி.

‘வைத்துவைத்தேன்’ என்பதற்கு மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘சாஃபான்’. அருமையான ஒன்றை ஒளித்துப் பத்திரப்படுத்துவது. யாத்திராகமம் 2:2-இல் மோசேயின் தாய் பச்சைக்குழந்தையை மூன்று மாதம் ஒளித்துவைத்தாளே, அங்கேயும் இதே சொல்தான். ஆண் குழந்தைகளை நதியில் போடச் சொல்லிப் பார்வோன் கட்டளையிட்டிருந்த நேரம் அது. எப்படிப் பொத்திப் பொத்திக் காத்திருப்பாள்!

அப்புறம், எபிரெயர்களுக்கு இருதயம் உணர்ச்சிக்கு மட்டுமான இடமல்ல. யோசிப்பதும் முடிவெடுப்பதும் அங்கேதான். அதனால்தான் “பாவஞ்செய்யாதபடிக்கு” என்று அதே வசனம் காரணம் சொல்கிறது. மனப்பாடம் நல்லதுதான், என் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் லூக்கா 2:19-இல் இயேசுவின் தாய் மரியாள் கேட்டவற்றை மனதில் வைத்ததோடு நிற்கவில்லை, சிந்தித்தாள்.