வெள்ளிக்கிழமைத் தணிக்கை

(குரோம்பேட்டையில் ஒரு வீட்டு வாசல். வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற தணிகாசலம், வெள்ளிக்கிழமைதோறும் கூடும், பழைய பொருள்களுக்குப் பெயர்போன பல்லாவரம் சந்தையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகிறார். ஆட்டோவில் அவருக்குக் கிடைத்த இடத்தைவிட அண்டாவுக்குக் கிடைத்த இடம் பெரிது. மனைவி விசாலாட்சி படியிலேயே நிற்கிறார். தணிக்கை முடியாமல் எந்தச் சாமானும் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.)

விசாலாட்சி: குக்கருக்கு ஒரு கேஸ்கட்டும் மிக்சிக்கு ஒரு சட்னி ஜாரும் வாங்கி வருவதாகச் சொல்லித்தானே காலை ஆறு மணிக்குப் புறப்பட்டீர்கள்? இவற்றில் எது கேஸ்கட்?

தணிகாசலம்: அவசரப்படாதே, விசாலம். பழைய டிரங்க் சாலை நெடுகப் புறாக் கூண்டுக்குப் பக்கத்தில் கணினித் திரை, கணினித் திரைக்குப் பக்கத்தில் ரோஜாப் பதியன், பதியனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பாட்டியின் ஆட்டுக்கல் என்று கண்ணுக்கெட்டிய தூரம் பரப்பி வைத்திருக்கும்போது, குனிந்த தலை நிமிராமல் கேஸ்கட்டை மட்டும் தேடிக்கொண்டு போவதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். எனக்கு அது இல்லை.

விசாலாட்சி: கேஸ்கட் வாங்காதது ஒரு விதத்தில் நல்லதுதான். பழைய ரப்பர் விறைத்துப்போயிருக்கும். ஆவி பக்கவாட்டில் போகுமே தவிர விசில் வராது. அதைப் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம். சட்னி ஜார்?

தணிகாசலம்: வாங்கிவிட்டேன். எழுபது ரூபாய். எவர்சில்வர் கண்ணாடிபோல் மின்னுகிறது.

விசாலாட்சி: (ஜாரைக் கவிழ்த்து) மின்னுகிறது, சரி. அடியில் இருக்கும் கப்ளருக்கு மூன்று பல். நம் மிக்சிக்கு ஆறு பல். இதை எதன்மேல் உட்காரவைத்து அரைப்பது?

தணிகாசலம்: அதற்கேற்ற மிக்சி ஒன்றும் அங்கே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போய் அதை வாங்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

விசாலாட்சி: எழுபது ரூபாய் ஜாருக்காக ஒரு மிக்சி! சங்கத்தின் வரவு செலவையும் இப்படித்தான் நேர் செய்தீர்களா? போகட்டும், இந்த மூட்டையில் என்ன?

தணிகாசலம்: பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குச் சட்டைகள். இருபத்திரண்டு உருப்படி, மொத்தம் இருநூறு ரூபாய். குழந்தை ஒரு சட்டையை மூன்று மாதம்கூடப் போட முடியாது, அதற்குள் வளர்ந்துவிடும். ஆகவே இவற்றில் பெரும்பாலானவை நாலு முறை துவைத்ததோடு சரி. மேலும், பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத் துணி போடக்கூடாது, பழந்துணியில்தான் ஏந்த வேண்டும் என்று சொன்னவள் நீதான்.

விசாலாட்சி: பழந்துணி என்றால் நம் வீட்டுப் பழந்துணி. பலமுறை துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன என் அம்மாவின் நூல் புடவை, உங்கள் அப்பாவின் வேட்டி. பல்லாவரத்தில் தார்ப்பாய் மேல் குவித்து வைத்து, காலால் தள்ளி விற்ற துணியைச் சொல்லவில்லை.

தணிகாசலம்: காலால் தள்ளியது உண்மைதான், ஆனால் பையில் போடும்போது கையால்தான் போட்டார்.

விசாலாட்சி: கொதிநீரில் ஊறப்போட்டு, துவைத்து, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவிட்ட பிறகு பார்க்கலாம். மூட்டைப்பூச்சி ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் கட்டிலையும் அலமாரியையும்கூட வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தப் பட்டுப் புடவை யாருக்கு?

தணிகாசலம்: உனக்குத்தான். நானூறு ரூபாய். கரை முழுவதும் வெள்ளி ஜரிகை. பழைய பட்டுப் புடவை எடுப்பதாகத் தெருவில் கூவிக்கொண்டு போகிறார்களே, அவர்கள் எதற்காக எடுக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கத்தான். நீ கட்டினால் புடவை, கட்டாவிட்டால் முதலீடு.

விசாலாட்சி: அசல் ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியிருப்பார்கள். இதோ, நகத்தால் சுரண்டுகிறேன். உள்ளே என்ன நிறம் தெரிகிறது?

தணிகாசலம்: வெள்ளை. ஆகவே வெள்ளிதானே?

விசாலாட்சி: வெள்ளை நூல். வெள்ளி இருந்தால் நூலின்மேல் இருக்க வேண்டும், நூலே வெள்ளியாகிவிடாது. பொறுங்கள், முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறேன். பட்டாக இருந்தால் தலைமுடி கருகிய நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இதைப் பாருங்கள், உருகி, உருண்டு, கடுகுபோலத் திரண்டுவிட்டது.

தணிகாசலம்: (குனிந்து பார்த்து) மணியாகத் திரண்டிருக்கிறதே.

விசாலாட்சி: பாலியெஸ்டர் அப்படித்தான் திரளும். அசல் பட்டாகவே இருந்தாலும் நான் கட்டியிருக்க மாட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தி உடுத்திய புடவையை நான் எப்படி உடுத்துவது?

தணிகாசலம்: அப்படியா? சென்ற ஆடி மாதம் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவையை ஏலம் விட்டபோது, என்னை வரிசையில் நிற்கவைத்துவிட்டு, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வரை கேட்டு எடுத்தது யார்? அதுவும் ஒருத்தி உடுத்திய புடவைதானே? அதைச் சோப்புப் போட்டாவது துவைத்தார்களா?

விசாலாட்சி: முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

(தணிகாசலம் போட்டுக்கொள்கிறார்.)

விசாலாட்சி: அது பிரசாதம்.

தணிகாசலம்: சரி, அதை விட்டுவிடுவோம். உன் அக்கா மும்பையிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவரும் பழைய புடவைகள்? அவற்றைப் பிரசாதம் என்று நீயே சொல்ல மாட்டாய். ஆனாலும் சலிக்காமல் கட்டுகிறாய். ஆகவே பழசு என்பது உனக்கு ஒரு குறையே இல்லை. முன்பு உடுத்தியவருடைய முகவரி தெரியாததுதான் குறை.

விசாலாட்சி: ஆமாம், அதுதான் குறை. முகவரி தெரியாத எதையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. உங்களையே என் அப்பா மூன்று ஊர்களில் விசாரித்த பிறகுதான் சம்மதித்தார்.

தணிகாசலம்: என் அப்பாவுக்கு அப்படிப்பட்ட கூச்சமெல்லாம் இருந்ததில்லை. 1900-இல் கட்டப்பட்டு, 1985-இல் எரிந்துபோகும் வரை பட்டணத்துக்கே பழைய பொருள்களைப் படியளந்த மூர் மார்க்கெட்டில் வாங்கிய கோட்டோடுதான் அவர் மணமேடையில் நின்றார். அந்த இடத்திலிருந்து இப்போது புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. அங்கே நடக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

விசாலாட்சி: எனக்கும் அந்தக் கோட்டைத் தெரியும். கூடத்தில் மாட்டியிருக்கும் திருமணப் படத்தில் மாமா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்பதைப் பார்த்து, புதிதாக வந்தபோது நான் வியந்தேன். கோட்டின் வலது கை இடது கையைவிட நாலு அங்குலம் நீளமாம். மறைக்கத்தான் அப்படி நின்றார் என்று அத்தைதான் பிறகு சொன்னார்.

தணிகாசலம்: அது தையற்காரர் தவறு, சந்தையின் தவறு அல்ல. முகவரி என்றதும் நினைவுக்கு வருகிறது: இன்று சந்தையில் நம் வீட்டுப் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். என் பழுப்பு நிறப் பேண்ட்.

விசாலாட்சி: எந்தப் பேண்ட்?

தணிகாசலம்: எந்தப் பேண்ட் என்றா கேட்கிறாய்? பாத்திரக்காரரிடம் நீ ஆறு பேண்ட், மூன்று சட்டை, ஒரு போர்வை எல்லாம் கொடுத்து, அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் ஒரு டபரா மட்டும் வாங்கினாயே, அந்த ஆறில் ஒன்று. பையில் இருந்த மைக்கறையை வைத்து அடையாளம் கண்டேன். துவைத்து, பித்தான் மாற்றி, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். தேறாத துணியெல்லாம் மெக்கானிக் கடைகளில் எண்ணெய் துடைக்கப் போய்விடுமாம், இது தேறியிருக்கிறது. நம் வீட்டில் அதற்கு அவ்வளவு மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. விலை கேட்டேன். நூற்றிருபது என்றார்.

விசாலாட்சி: திரும்ப வாங்கிவிட்டீர்களா?

தணிகாசலம்: வாங்கியிருப்பேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது உங்கள் இடுப்புக்குப் பற்றாது ஐயா" என்று சொல்லிவிட்டார். என் சொந்தப் பேண்டைப் பற்றி என்னிடமே அப்படிச் சொன்னபோது எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனேன்.

விசாலாட்சி: ஐயையோ.

தணிகாசலம்: வாங்கவில்லை. ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்தது. ஆனால் ஒட்டின வில்லையில் ஆண்டு 2012 என்று இருந்தது. நட்சத்திரம் கொடுக்கும் அளவை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். அன்றைய ஐந்து இன்றைக்கு எத்தனை தேறுமோ? அதை வாங்கிவிட்டு மின்கட்டணத்தில் மாதாமாதம் அழ நான் என்ன விவரம் தெரியாதவனா?

விசாலாட்சி: இந்த விவரம் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தபோது எங்கே போயிற்று?

தணிகாசலம்: அண்டாவைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல முடியாது. கனத்த எவர்சில்வர். வெயில் காலத்தில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துக் காத்திருக்கும் துன்பம் இனி நமக்கு இல்லை. விலையைக் கேட்டால் நீயே வியப்பாய்.

விசாலாட்சி: எவ்வளவு?

தணிகாசலம்: நூற்றைம்பது. அதாவது, நான் காதில் வாங்கிக்கொண்டது நூற்றைம்பது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அந்தச் சந்தையின் தலையை உரசிக்கொண்டுதான் போகின்றன என்பது உனக்கே தெரியும். கடைக்காரர் வாயைத் திறந்த நேரத்தில் ஒன்று போயிற்று. அவர் சொன்னது அறுநூற்றைம்பது. முதல் இரண்டு எழுத்தை விமானம் கொண்டுபோய்விட்டது. சத்தம் ஓய்ந்தபோது பத்துப் பேர் முன்னிலையில் நான் "சரி, கட்டுங்கள்" என்று சொல்லி முடித்திருந்தேன். அதற்குப் பிறகு பின்வாங்குவது கணக்கர்களின் குலத்துக்கே இழுக்கு.

விசாலாட்சி: இந்தக் கனத்தில், இந்த அளவில் புதிதாக வாங்கினால் ஐந்தாறாயிரம் ஆகும். அறுநூற்றைம்பதுக்குக் கொடுத்தார் என்றால் அவருக்கு அது எப்படி வந்தது என்று கேட்டீர்களா?

தணிகாசலம்: கேட்கத் தேவையே இல்லை. நீ கேட்ட முகவரி இதிலேயே இருக்கிறது. வாய் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறார்கள், பார்: "க. ம. 14/20". வழியெல்லாம் இதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். க என்பது கந்தசாமி. ம என்பது மங்கையர்க்கரசி. 1920-இல் ஏதோ ஒரு மாதம் பதினான்காம் தேதி நடந்த திருமணத்துக்குப் பெண் வீட்டார் கொடுத்த சீர். மூன்று தலைமுறை இதில் வெந்நீர் போட்டுக் குளித்திருக்கிறது. கடைசிப் பேரன் வெளிநாடு போகும்போது மனமில்லாமல் விற்றிருக்கிறான். ஆட்டோவில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விசாலாட்சி: 1920-இல் எந்த வீட்டில் எவர்சில்வர் அண்டா இருந்தது? பித்தளையும் வெண்கலமும்தானே இருந்தன? அந்தக் கண்ணாடியை இப்படிக் கொடுங்கள். கீழே புள்ளி புள்ளியாக இன்னும் ஏதோ வெட்டியிருக்கிறது. (படித்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்து) நீங்கள் சொன்ன கந்தசாமியும் மங்கையர்க்கரசியும் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் தெரியுமா? வளைகாப்புக்கு நாம் முன்பணம் கட்டியிருக்கும் மண்டபம் இருக்கும் தெருவில்.

தணிகாசலம்: அப்படியானால் அக்கம்பக்கத்துக் குடும்பம்தான்!

விசாலாட்சி: குடும்பம் இல்லை. க. ம. என்றால் கல்யாண மண்டபம். 14/20 என்றால் இருபது அண்டாவில் பதினான்காவது.

(மேலே ஒரு விமானம் போகிறது. இருவரும் அது போய் முடியும்வரை காத்திருக்கிறார்கள்.)

தணிகாசலம்: விசாலம், பதறாதே. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம். முன்பு அது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. எனக்குத் தெரியாது. நான் கந்தசாமி என்றே நம்பினேன்.

விசாலாட்சி: வாங்கும்போது தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகு வீட்டில் வைத்துக்கொள்வதைப் பற்றி உங்கள் 317 என்ன சொல்கிறது?

தணிகாசலம்: அதுவும் அதே பிரிவில்தான் வருகிறது.

விசாலாட்சி: ஆட்டோக்காரர் தெருமுனையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார், கூப்பிடுங்கள். நேரே மண்டபத்துக்கு எடுத்துப் போய், நடந்ததைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு வாருங்கள். வளைகாப்பு அன்று அவர்கள் பாத்திரங்களை எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் திரும்ப வாங்குவார்கள். ஒன்று குறைந்தாலும் முன்பணத்தில் பிடித்தம் செய்வோம் என்று ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். இருபது இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தால் நம் தலையில்தான் விழும்.

தணிகாசலம்: போகிறேன், இதோ போகிறேன். அந்த ரசீதை மட்டும் கொஞ்சம் எடுத்து வா. ஒன்று குறைந்தால் பிடித்தம் செய்வோம் என்று போட்டிருக்கிறார்களே, ஒன்று கூடினால் முன்பணத்தில் வரவு வைப்பதைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.