96 உலகக் கோப்பையை நாம் இழந்தது கொல்கத்தாவில் இல்லை

போன வாரம் அக்கா மகன் தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே செல்போனை நீட்டி, "மாமா, இந்த ஆள் ஏன் இப்படி அழுறார்?" என்றான். இந்திய கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளி. 1996 உலகக் கோப்பை அரையிறுதி, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வெளியே வரும் அதே பழைய காட்சி. "உங்க காலத்துல பாட்டில் எறிஞ்சு மேட்ச்சையே நிறுத்திட்டீங்களாமே" என்று சிரிப்பு வேறு. 'உங்க காலத்துல' என்றதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முப்பது வருஷமாக மனதில் கிடக்கிற விஷயம், நீளமாகத்தான் வரும்.

96 உலகக் கோப்பை என்றால் எல்லோரும் இரண்டு இரவுகளைப் பேசுவார்கள். பெங்களூரில் பாகிஸ்தானை அடித்தது, கொல்கத்தாவில் இலங்கையிடம் விழுந்தது. எனக்கு அந்தத் தொடர் என்றால் மார்ச் 2, சனிக்கிழமை, தில்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவில் இதே இலங்கையோடு ஆடிய லீக் ஆட்டம். அங்கே அன்று நடந்ததை நாம் சரியாகப் பார்த்திருந்தால் கொல்கத்தாவில் டாஸ் ஜெயித்ததும் வேறு முடிவு எடுத்திருப்போம் என்பது என் கட்சி.

அப்போது நான் ராமகிருஷ்ணபுரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா மத்திய அரசில் குமாஸ்தா, சனிக்கிழமை விடுமுறை. ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் இரண்டு டிக்கெட் கிடைத்தது. சித்தி எலுமிச்சை சாதமும் ஒரு பை நிறைய ஆரஞ்சும் கட்டிக் கொடுத்தார். டிடிசி பஸ் பிடித்து ஐடிஓவில் இறங்கி நடந்தோம். மார்ச் முதல் வாரத்துத் தில்லி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் உடம்பில் இருக்கும் ஸ்வெட்டர் பதினோரு மணிக்கு இடுப்புக்கு வந்துவிடும்.

டெண்டுல்கர் அன்று 137. கேப்டன் அஸாருதீன் ஆட்டமிழக்காமல் 72. இருவரும் சேர்ந்து 175 ரன். இந்தியா 3 விக்கெட்டுக்கு 271. இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு ஸ்கோராகவே தெரியாது. 2023 அக்டோபரில் இதே மைதானத்தில் (இப்போது பெயர் அருண் ஜேட்லி ஸ்டேடியம்) தென்னாப்பிரிக்கா இதே இலங்கைக்கு எதிராக 428 அடித்தது. 96-ல் 250 தாண்டினாலே பாதி ஜெயித்த மாதிரி. இடைவேளையில் எங்கள் வரிசையில் ஒருவர் லட்டு டப்பாவைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் இலங்கையின் தொடக்க ஆட்டக்காரர்கள் ஜெயசூர்யாவும் கலுவிதாரணாவும் இறங்கினார்கள்.

அன்றைய விதியை ஒரு வரி சொல்லிவிடுகிறேன். முதல் 15 ஓவருக்கு முப்பது கெஜ வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். இந்த விதி இருந்தும், பெரும்பாலான அணிகள் புதுப்பந்தைப் பொறுமையாகத் தேய்த்து, விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பத்து ஓவரில் மட்டையை வீசுவதுதான் வழக்கம். 92-லேயே நியூசிலாந்தின் கிரேட்பேட்ச் இந்த வழக்கத்தை மீறி அடித்துக் காட்டியிருந்தார், அதனால் இலங்கை புதிதாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் அடிக்கிற ஆளை நிறுத்தி, ஒருவர் போனாலும் நிறுத்தாதே என்று அதையே அணியின் கொள்கையாக வைத்தது கேப்டன் ரணதுங்காவும் பயிற்சியாளர் வாட்மோரும்தான்.

மனோஜ் பிரபாகர் தில்லிக்காரர். சொந்த மைதானம். காலையில் பேட்டிங்கையும் தொடங்கிவிட்டு, மதியம் பந்துவீச்சையும் அவர்தான் தொடங்கினார். இரண்டு ஓவரில் 33 ரன். மூன்று ஓவர் முடிந்தபோது இலங்கை 42. லட்டு கொடுத்தவர் டப்பாவை மூடிவிட்டார். பிரபாகரை நிறுத்திவிட்டுப் பிறகு மறுபடி அழைத்தார் அஸார். வந்தவர் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு நாலடி நடந்து ஆஃப் ஸ்பின் போட்டார். இந்தியாவுக்கு வருஷக்கணக்கில் புதுப்பந்து வீசிய ஆள், சொந்த ஊரில் ஆஃப் ஸ்பின். மைதானமே கூவியது. "ஹாய் ஹாய்" என்று நம் தில்லி ஊர்வலத்தில் கத்துவார்களே, அதே ராகம். மொத்தம் 4 ஓவர், 47 ரன். அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். அடுத்த போட்டிக்கு அணியில் இல்லை, ஓய்வும் அறிவித்துவிட்டார். பின்னாளில் அவர் பெயர் வேறு விவகாரங்களில் அடிபட்டது. அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.

என் எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் கடை, பஸ், கோயில் வாசல் எங்கே போனாலும் ஒரே பேச்சு, பிரபாகர் தோற்கடித்துவிட்டான். 4 ஓவருக்கு 47 பெரிய ஓட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் இலங்கை 4 விக்கெட்டுக்கு 141. ஜெயசூர்யா 76 பந்தில் 79 அடித்துவிட்டுப் போயாச்சு. அரவிந்த டி சில்வாவை கும்ப்ளே தூக்கியாச்சு. இன்னும் 131 ரன் வேண்டும். எங்கள் வரிசையில் மறுபடி உற்சாகம் வந்தது. லட்டு டப்பா திறக்கப்பட்டதாகக்கூட ஞாபகம்.

அந்த 131-ஐயும் ரணதுங்காவும் திலகரத்னவும் ஒரு விக்கெட் விழாமல் எடுத்தார்கள். அதில் கண்ணைப் பறிக்கிற அடி ஒன்றும் இல்லை. தட்டிவிட்டு ஒன்று, தள்ளிவிட்டு இரண்டு. ரணதுங்கா ஏதோ சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்தே ரன் எடுத்தார். 8 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். முதல் மூன்று ஓவரில் சம்பாதித்ததை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்கப் பதற்றமில்லாமல் செலவு செய்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் திட்டம். பார்த்த நாங்கள் என்ன புரிந்துகொண்டோம்? இலங்கை துரத்தினால் தடுக்க முடியாது, அதோடு பிரபாகர் தேறமாட்டான். இரண்டுமே அரைகுறைப் பாடம்.

அதன் பிறகு வந்த பெங்களூர் கால் இறுதி நம் கண்ணை இன்னும் மறைத்தது. மார்ச் 9. சித்து 93, அஜய் ஜடேஜா 25 பந்தில் 45, வக்கார் யூனிஸின் கடைசி இரண்டு ஓவரில் 40 ரன், ஆமிர் சோஹைலின் ஸ்டம்பைச் சாய்த்த வெங்கடேஷ் பிரசாத். இதைப் பற்றி எழுத இந்த முகநூலில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். அதே நாள் ஃபைசலாபாத்தில் ஜெயசூர்யா 44 பந்தில் 82 அடித்து இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் அன்று ராத்திரி அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது கொல்கத்தா. மார்ச் 13. டாஸ் ஜெயித்த அஸார் ஃபீல்டிங் எடுத்தார். 2011-ல் காம்ப்ளி ஒரு டிவி பேட்டியில் இந்த முடிவையே சந்தேகப்பட்டுப் பேசினார். அணிக்கூட்டத்தில் சேர்ந்து எடுத்த முடிவு என்று அஸார் மறுத்தார். இன்றும் இந்த வீடியோவுக்குக் கீழே போய்ப் பாருங்கள், சதிக்கதைகள் வரிசை கட்டி நிற்கும். எனக்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. பதினோரு நாள் முன்பு கோட்லாவில் உட்கார்ந்திருந்த யாரைக் கேட்டாலும் அன்று அதே முடிவைத்தான் சொல்லியிருப்பார்கள். 271 அடித்தும் காப்பாற்ற முடியாத அணியிடம் மறுபடி முதலில் பேட் செய்ய யாருக்குத் தைரியம் வரும்? சூடு கண்ட பூனைதான் நாம்.

முதல் ஓவரிலேயே ஸ்ரீநாத் பந்தில் கலுவிதாரணா, ஜெயசூர்யா இருவருமே அவுட். இரண்டும் தேர்டு மேன் பக்கம் கேட்ச். எங்கள் குடியிருப்பில் பட்டாசே வெடித்தது. எல்லோரும் பயந்தது அந்த இரண்டு பேருக்குத்தானே, அவர்கள் போனால் இலங்கை போச்சு என்று கணக்கு. அப்போது இறங்கிய அரவிந்த டி சில்வா, ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 1 என்று இருந்தும், 47 பந்தில் 66 அடித்தார். ஒருவர் போனாலும் நிறுத்தாதே என்ற அதே கொள்கை. இலங்கை 251. நாம் 1 விக்கெட்டுக்கு 98 வரை நன்றாகத்தான் போனோம். டெண்டுல்கர் 65-ல் ஸ்டம்பிங் ஆனதும் உடைந்து நொறுங்கிய பிட்ச்சில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. 22 ரன்னுக்கு 7 விக்கெட். நம்மைக் கோட்லாவில் மட்டையால் அடித்த ஜெயசூர்யா இந்த முறை பந்தால் 12 ரன்னுக்கு 3 விக்கெட். 8 விக்கெட்டுக்கு 120 என்றபோது பாட்டில், நெருப்பு எல்லாம். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். காம்ப்ளி 10 ரன்னோடு அழுதுகொண்டே வெளியே வந்தார்.

அந்தத் தொடரில் அதிக ரன் எடுத்தவர் டெண்டுல்கர், 523. அதிக விக்கெட் கும்ப்ளே, 15. இரண்டு பட்டியலிலும் முதல் பெயர் நம்முடையது. கோப்பை மட்டும் அவர்களுடையது.

லாகூர் இறுதி ஆட்டத்தில் ரணதுங்கா டாஸ் ஜெயித்து ஃபீல்டிங் எடுத்தார். அதற்கு முன் நடந்த ஐந்து உலகக் கோப்பை இறுதியிலும் முதலில் பேட் செய்த அணிதான் ஜெயித்திருந்தது. அந்தச் சரித்திரத்தை அவர் சட்டை செய்யவே இல்லை. அஸார் கொல்கத்தாவில் எடுத்த அதே முடிவுதான். அஸார் எதிராளியை நினைத்து எடுத்தார், ரணதுங்கா தன் அணியை நினைத்து எடுத்தார். டி சில்வா 3 விக்கெட், அப்புறம் ஆட்டமிழக்காமல் 107. ஆஸ்திரேலியாவை 7 விக்கெட் வித்தியாசத்தில் அடித்தார்கள். கொழும்பு குண்டுவெடிப்பைக் காரணம் காட்டி லீக் சுற்றில் அங்கே போக மறுத்த அதே ஆஸ்திரேலியா.

அந்த இறுதி ஆட்டத்தை எங்கள் வீட்டில் பார்த்த விதம் வேறு. இலங்கை என்றாலே தமிழ் வீடுகளில் வேறு சேதிகள் ஞாபகம் வரும் காலம் அது. ஆபீஸில் சித்தப்பாவை, "உங்க ஆளுங்க ஜெயிக்கிறாங்க போல" என்று ஹிந்திக்கார நண்பர்கள் கிண்டல் செய்வார்களாம். எந்த 'உங்க ஆளுங்க' என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது. கோப்பையைத் தூக்கியபோது கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு மெல்போர்னில் பந்தை எறிகிறான் என்று நோ பால் கொடுக்கப்பட்ட கண்டித் தமிழர் முரளிதரனைத் திரையில் காட்டியதும், கிரிக்கெட்டில் எத்தனை ஸ்டம்ப் என்றுகூடத் தெரியாத சித்தி மட்டும் கைதட்டினார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சரி மாமா, கோட்லாவுல பிரபாகர் ஆஃப் ஸ்பின் போட்டப்போ நீங்களும் கத்துனீங்களா?"

கத்தினேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் நாலாவது தடவை "ஹாய் ஹாய்" என்று எழுந்தபோது ஒரு சுளையை என் வாயில் திணித்துவிட்டு, "அவனுக்கு வேகம் போயிடுச்சுன்னு டீம்ல எடுத்தவனுக்குத் தெரியாதா? உக்காருடா" என்றார்.