ஒரு சொல்லுக்கு ஒரு கருத்தாம்!

நேத்து ராத்திரி மகளிட இங்கிலிஷ் ரியூசன் கொப்பியப் பாத்ததில இருந்து எனக்கு ஆத்திரம் அடங்கேல்ல. ஒரு பக்கம் சொல், மற்றப் பக்கம் தமிழ்க் கருத்து, ஒவ்வொண்டுக்கும் ஒண்டே ஒண்டு, நாலு பக்கத்துக்கு அப்பிடியே எழுதி கீழ 'பாடமாக்கவும்' எண்டு வேற. அதில ஃபைன் எண்டா 'நலம்'. பிள்ளை டெஸ்ட்ல 'அபராதம்' எண்டு எழுதினதுக்கு பிழை போட்டிருக்கு! பஸ்ஸில டிக்கெட் எடுக்காட்டி கட்டுறதும் ஃபைன்தானே, அவள் கண்ணால கண்டதத்தான் எழுதினவள்.

இப்பிடிப் பாடமாக்கித்தான் என்ர தம்பியும் ஓ.எல்.ல இங்கிலிசுக்கு ஏ எடுத்தவன். உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல சேந்த புதுசில வெள்ளைக்காரர் ஒராளிட்ட டீ வேணுமா எண்டு கேக்க அவர் 'ஐ ஆம் குட்' எண்டிருக்கிறார், குட் எண்டா நல்லது எண்டு இவன் டீயக் கொண்டுபோய் வச்சிட்டான். மனுசன் சொன்னது வேண்டாம் எண்டு. பிறகொரு நாள் ஒரு அமெரிக்கன் சாப்பிட்டு முடிச்சு 'செக்' கேட்டிருக்கிறார், அவங்கட ஊரில பில்லுக்கு அப்பிடித்தான் சொல்லுறது, இவன் ரூமில ஏதோ பழுது, செக் பண்ணச் சொல்லுறார் எண்டு ஓடிப்போய் ஏசி, பைப் எல்லாம் பாத்திட்டு வந்து நிக்க, எல்லாருக்கும் முன்னால மேனேஜர் ஏசினாராம். அண்டைக்கு அவன் சாப்பிடாமப் படுத்தது இப்பவும் எனக்கு நெஞ்சுக்குள்ள நிக்குது.

ஒக்ஸ்போர்ட் பேரகராதியிட 1989ம் ஆண்டுப் பதிப்பில 'செட்' எண்ட ஒரு சொல்லுக்கே 430 கருத்துக்கிட்ட இருக்கு. அத ஆரால பாடமாக்கேலும்? கடையில பிளேட் செட் வாங்குறம், பொழுது படுறதுக்கும் செட், சீமெந்து இறுகுறதுக்கும் செட். பக்கத்தில இருக்கிற சொல்லுகள்தான் எது எண்டு காட்டித் தரும். ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் சேத்து எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சிபோகும்?

எங்கட பிள்ளைகளுக்கு இது விளங்காத விசயமும் இல்ல. கொட்டியாரக்குடாவில கடலோட சேருற மகாவலியும் ஆறு, அஞ்சுக்கு அடுத்ததும் ஆறு, டீ சுடுது ஆறட்டும் எண்டாலும் ஆறு. மூண்டு வயசுப் பிள்ளையும் மாறி விளங்குறேல்ல, ஏனெண்டா நாங்க கொப்பியில எழுதிக் குடுக்கேல்ல, கதைச்சம்.

சனிக்கிழமை அந்தக் கொப்பியோட நானே உள்ள போறன், அபராதத்துக்குச் சரி போடாம வெளிய வரமாட்டன்.