மச்சானின் படகுக்கு என்ன பாய்?

மெல்பேணில் இருக்கிற என் மச்சான் 34 அடியில் பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறான். வாங்கின கையோடு வாட்ஸ்அப்பில் கேள்வி. கிளப்பில் பந்தயம் ஓடுகிறவர்கள் எல்லாம் கறுப்புக் காபன் பாய் வைத்திருக்கிறார்களாம், தானும் அதையே போடவா? பெரிய பாயைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டி வைக்கிற சிஸ்டமும் பூட்டவா? இரண்டும் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆறு வருசம் தெற்கில் பாய் தைக்கிற இடமொன்றில் தையல் மெசினுக்குப் பின்னால் இருந்தவன் நான். அந்த உரிமையில்தான் சொன்னேன்.

காபன் பாய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. டேக்ரான், அதாவது சாதாரணப் பாய் தைக்கிற பொலியெஸ்டர் துணி, காற்று ஏற ஏறக் கொஞ்சம் இழுபடும். இழுபட்டால் பாயின் வயிறு பின்னுக்குப் போகும். படகு ஓடுகிறதை விட்டுச் சரியத் தொடங்கும். காபன் நூல் பதித்த பாய் அப்படி இழுபடாது. அரை நிமிசத்தில் வெற்றி தோல்வி முடிவாகிற பந்தயத்தில் அதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் இந்த மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒட்டிய பாய்களை ஈரத்தோடு மடித்து வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், பிறகு எதனாலும் போகாது. காபனுக்குப் பதிலாகக் கெவ்லார் நூல் என்றால் வெயிலும் மடிப்பும் சேர்ந்தே அதைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மனுசியோடு தேத்தண்ணிப் போத்தலும் கொண்டு போகிறவனுக்கு டேக்ரான் தாராளம்.

பாய்மரத்துக்குள் சுருட்டுகிற விசயத்தில்தான் எனக்குச் சூடு கிளம்பும். ஒருமுறை காலியில் இருந்து மாலைதீவுக்குப் போன படகொன்றில் உதவிக்குப் போயிருந்தேன். அதில் இந்த சிஸ்டம்தான். இரண்டாம் நாள் பின்னேரம் திடீரென்று கறுத்த மழைக்காற்று. கயிற்றை இழுத்தோம், பாய் பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. முதல் நாள் யாரோ தொய்வாகச் சுருட்டி விட்டதில் உள்ளே மடிப்பு விழுந்திருக்கிறது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அரை மணித்தியாலம் அந்தப் பாதிப் பாய் எங்களைத் தலைகீழாக்கப் பார்த்தது. பூமின், அதாவது பாயின் அடியில் படுத்திருக்கிற மரத்தின், உயரத்தைச் சரி பண்ணி, பின்மூலைக் கயிற்றை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டே சுருட்டினால் சிக்காது என்பார்கள். உண்மைதான். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? அதோடு, சுருட்டுவதற்காகப் பின்விளிம்பை உட்குழிவாக வெட்டுவதால் பாயின் பரப்பும் குறைகிறது. முழங்கால் ஏலாத வயதில் இருக்கிறவர்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. மச்சானுக்கு 41 வயதுதான்.

வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கதையை இவன் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறவன். அதில் மரத்தில் ஏறிப் பாய் மடிக்க எங்கட ஆட்கள் இருந்தார்கள். இவன் படகில் இவனும் மனுசியும் மட்டும். மனுசிக்குக் கடல் என்றால் பயம் வேறு.

என் அப்பு சோழகம் எழும்பினால் பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றை எங்கேயும் கட்ட விடமாட்டார், கையிலேயே பிடித்திருக்க வேண்டும். சட்டென்று விட முடிகிறதா என்பதுதான் அவருடைய கணக்கு. எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அதனால் மச்சானுக்கு நான் சொன்னது இது: பெரிய பாய்க்குப் பழைய முறையே போதும். காற்று கூடினால் பாயைச் சிறிதாக்கிக் கட்ட இரண்டு ரீஃப், அதன் கயிறுகள் பின்னால் சுக்கான் பக்கம் வரட்டும், இறக்கும்போது பாய் சிதறாமல் இருக்க இரண்டு பக்கமும் தாங்கு கயிறு. சுருட்டுகிறதை முன்பாயோடு நிறுத்து. அதிலும் 150 வீத ஜெனோவா, அதாவது பாய்மரத்துக்கு முன்னால் இருக்கிற இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு வருகிற பெரிய முன்பாய், வேண்டாம். பலத்த காற்றுக்கு அதைப் பாதி சுருட்டினால் நடுவில் பை மாதிரித் தொங்கும். 110 போதும்.

பழைய பாய்களை என்ன செய்ய என்று கேட்டான். வெயில் பட்ட பக்கத்துத் தையலை நகத்தால் சுரண்டிப் பார் என்றேன். துணிக்கு முதல் நூல்தான் சாகும். நேற்று இரவு படம் அனுப்பியிருக்கிறான்: பெருவிரல் நகத்தில் வெள்ளைப் பொடி, பக்கத்தில் கிழியாத நல்ல துணி. மறுதையல் போட்டால் இன்னும் சில வருசம் ஓடும். மிச்சக் காசுக்கு ரீஃப் கயிறும் கப்பியும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.