ஒரே ஒரு ஆட்டம் முடிந்ததும் கீழே இறக்கப்பட்ட டான்காஸ்டர் பெல்ஸ்

2013 ஏப்ரல். இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக்கில் சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள். டான்காஸ்டர் ரோவர்ஸ் பெல்ஸ் அதில் ஒன்றே ஒன்றைத்தான் ஆடி முடித்திருந்தது. அதற்குள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் முடிவு வெளியே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பெல்ஸ் இரண்டாம் டிவிஷனில். மிச்சம் 13 ஆட்டங்களையும் ஜெயித்துக் கோப்பையையே தூக்கினாலும் முடிவு மாறாது. மேல் டிவிஷனில் அந்த இடத்துக்கு வந்தது, அப்போது ஒரு தட்டு கீழே ஆடிக்கொண்டிருந்த மான்செஸ்டர் சிட்டி. பெல்ஸ் மேல்முறையீடு செய்தது, அதுவும் தள்ளுபடியானது.

பெண்கள் கால்பந்து இங்கிலாந்தில் எப்படி வளர்ந்தது என்று இன்று பேசுகிறவர்கள் அரங்கம் நிறைந்த கூட்டத்தையும் பெரிய கிளப்புகளின் பெயர்களையும் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த மேடைக்கு அடித்தளம் போட்டவர்களை எந்த முறையில் வெளியே அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதற்கு பெல்ஸைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

டான்காஸ்டர் தெற்கு யார்க்‌ஷயரில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் ரயில் பட்டறையும் வளர்த்த ஊர். நீராவி எஞ்சினில் உலக வேக சாதனை படைத்த மல்லார்ட் 1938-ல் இங்கேதான் கட்டப்பட்டது. நகரம் என்ற அந்தஸ்து கிடைத்ததே 2022-ல்தான். ஊரின் ஆண்கள் கிளப்பான டான்காஸ்டர் ரோவர்ஸ் அந்தக் காலத்தில் ஆடிய மைதானத்தின் பெயர் பெல் வியூ. ஆட்ட நாட்களில் அங்கே ‘கோல்டன் கோல்’ சீட்டு விற்பார்கள். மூடி ஒட்டிய சின்னச் சீட்டு. பிரித்தால் உள்ளே ஒரு நேரம் அச்சாகியிருக்கும், 23 நிமிடம் 40 விநாடி என்கிற மாதிரி. அன்றைய முதல் கோல் சரியாக அந்த நேரத்தில் விழுந்தால் பரிசு. பரிசு போக மீதி கிளப்புக்கு. இந்தச் சீட்டை விற்ற இளம்பெண்கள், ஷீலா ஸ்டாக்ஸ் உட்பட, 1969-ல் சேர்ந்து தொடங்கியதுதான் ‘பெல் வியூ பெல்ஸ்’. டான்காஸ்டர் பெல்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது.

அவர்கள் தொடங்கிய ஆண்டில் எஃப்.ஏ.வின் தடை இன்னும் அமலில் இருந்தது. அந்தத் தடை வேலை செய்த விதத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெண்கள் பந்தை உதைக்கக் கூடாது என்று 1921 டிசம்பர் 5-ந் தேதித் தீர்மானம் சொல்லவில்லை. எஃப்.ஏ.வில் உறுப்பினராக உள்ள கிளப்புகள் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக்கூடாது என்றது. அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது. சுவர் கட்டி கேட் வைத்த மைதானங்கள் எல்லாம் உறுப்பினர் கிளப்புகளிடம்தான் இருந்தன. கேட் இல்லையென்றால் டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லையென்றால் வசூல் இல்லை, வசூல் இல்லையென்றால் பஸ்ஸுக்கும் பந்துக்கும் கைக்காசு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ‘டிக், கெர் லேடீஸ்’ என்ற பெண்கள் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் ஆடியபோது 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பருக்குள் அந்தக் கூட்டத்தின் கண்ணெதிரே கதவைச் சாத்திவிட்டார்கள். ஆட்டம் பூங்காவுக்கும் பொது வெளிக்கும் போனது. சுமார் ஐம்பது வருஷ வருமானத்தை ஒரு விளையாட்டிடமிருந்து எடுத்துவிட்டு, பின்னாளில் அதே விளையாட்டிடம் ‘உங்கள் வணிகத் திட்டம் எங்கே’ என்று கேட்டார்கள். 2013-ல் நடந்ததன் வேர் இங்கே இருக்கிறது.

டான்காஸ்டர் பகுதியில் பெல்ஸுக்குக் கைகொடுத்தது சுரங்க ஊர்களின் ‘வெல்ஃபேர்’ மைதானங்கள். ஆர்ம்தார்ப், பிராட்ஸ்வர்த் போன்ற ஊர்களில் சுரங்கத் தொழிலாளர் நல மைதானம் என்று ஒன்று இருக்கும். 1920-ல் வந்த சட்டப்படி, வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி நல நிதிக்குப் போக வேண்டும். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. இந்தச் சில்லறையிலிருந்துதான் நாடு முழுக்கச் சுரங்க ஊர்களில் மைதானங்களும் மன்றங்களும் வந்தன. பூமிக்கடியில் குனிந்து வெட்டியவனின் டன்னிலிருந்து பிரித்த பென்னி, இரண்டு தலைமுறை கழித்து அவன் ஊர்ப் பெண்களுக்குப் புல்தரையானது. இந்த பென்னியை மறக்காதீர்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

களத்தில் பெல்ஸ் செய்ததைச் சுருக்கிச் சொன்னால் அநியாயமாகிவிடும். பெண்கள் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 13 முறை. அதிலும் 1983 முதல் 1994 வரையான 12 ஆண்டுகளில் 11 இறுதியாட்டங்கள். தவறியது 1989 மட்டும். ஜெயித்தது ஆறு முறை: 1983, 1987, 1988, 1990, 1992, 1994. முதல் கோப்பையை 3-2 என்று செயின்ட் ஹெலன்ஸிடமிருந்து எடுத்தார்கள். அடுத்து 1984, 85, 86 என்று மூன்று ஆண்டும் இறுதிக்கு வந்து மூன்று ஆண்டும் தோற்றார்கள். அதற்குப் பிறகும் கலையாமல் நின்று அடுத்த இரண்டு கோப்பைகளையும் எடுத்த அணி அது. அந்த இடைவெளியில்தான், 1984-85-ல், சுரங்க வேலைநிறுத்தம். சம்பளம் இல்லாத வீடுகள் நிறைந்த பகுதியிலிருந்து ஒரு அணி ஆண்டுதோறும் தேசிய இறுதியாட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

1991-ல் முதல் தேசிய லீக் வந்தது. மேல் டிவிஷனில் எட்டு அணிகள். பெல்ஸ் 14 ஆட்டங்களில் 14 வெற்றி, கூடவே கோப்பையும். 1993-94-ல் மறுபடி லீக்கும் கோப்பையும். நடுக்களத்தில் கில்லியன் கோல்டார்ட்: இங்கிலாந்துக்காக 100 ஆட்டங்களைத் தொட்ட முதல் பெண், மொத்தம் 119. முன்னணியில் கேரன் வாக்கர்: இங்கிலாந்துக்காக 83 ஆட்டங்களில் 40 கோல்கள். இருவருக்கும் கால்பந்து ஒரு சம்பள வேலையாக இருக்கவில்லை.

சூப்பர் லீக் 2011-ல் தொடங்கியது. எட்டு இடங்களுக்கு 16 கிளப்புகள் விண்ணப்பித்தன, பெல்ஸுக்கு ஓர் இடம் கிடைத்தது. எஃப்.ஏ. ஒவ்வொரு கிளப்புக்கும் ஆண்டுக்கு 70,000 பவுண்டு வரை தரும். ஆனால் அதே அளவு தொகையைக் கிளப்பும் போட வேண்டும். இங்கேதான் முதல் முடிச்சு. பணக்கார ஆண்கள் கிளப்பின் கீழ் இருக்கும் அணிக்கு அந்தத் தொகை ஒரு கையெழுத்து. சிறிய ஊர் அணிக்கு அது ஸ்பான்சர், ராஃபிள், கேட் வசூல் எல்லாம் சேர்த்து ஆண்டு முழுக்க ஓட வேண்டிய ஓட்டம். உதவித்தொகை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதை வாங்கக் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

2014 முதல் இரண்டு டிவிஷனாக நடக்கவிருந்த லீக்குக்காக 2013-ல் எல்லோரும் மறுபடி விண்ணப்பித்தார்கள். மதிப்பிட்டது நிதி நிர்வாகம், வணிகமும் விளம்பரமும், மைதான வசதி, வீராங்கனைகளும் இளையோர் பயிற்சியும் ஆகிய தலைப்புகளில். புள்ளிப் பட்டியலுக்கு அதில் இடம் இல்லை. பெல்ஸ் அப்போது பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்த அணிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2012-ல் கடைசி இடத்தில் முடித்த அணி எது? லிவர்பூல். 2013-ல் சாம்பியன் எது? அதே லிவர்பூல். ஒரு சீசனில் என்ன புரளும் என்பதற்கு அந்த சீசனே சாட்சி. பெல்ஸுக்கு அந்த ஒரு சீசனை ஆடிக் காட்டும் வாய்ப்பு மறுக்கப்பட்டது.

லைசென்ஸ் முறையே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. ஃபிசியோ இல்லாமல் ஆடிய முழங்கால்கள், நள்ளிரவில் வீடு திரும்பி விடிந்ததும் வேலைக்குப் போன உடம்புகள், இவற்றுக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் எழுதி வைக்கத்தான் வேண்டும். அந்தத் தரம் வாசற்படியாக இருக்க வேண்டும்: ஏறினால் உள்ளே, ஏற முடியாதவர்களுக்கு அவகாசம். 2013-ல் அதை ஏலமாக்கினார்கள். வாசற்படியை ஏறிய அணியைக்கூட, பக்கத்தில் ஒருவர் அதிகம் காட்டினார் என்பதற்காக வெளியே அனுப்ப ஏலத்தில்தான் முடியும்.

பெல்ஸ் 2015-ல் இரண்டாம் டிவிஷனில் இரண்டாமிடம் பிடித்து, ஆடி மேலே வந்தது. 2016-ல் கடைசி இடம், மீண்டும் கீழே. அந்த இறக்கம் நியாயமானது, களத்தில் நடந்தது. அதே 2016-ல் லீக்கை ஜெயித்தது மான்செஸ்டர் சிட்டி. மூன்று ஆண்டுப் பணம் இரண்டு அணிகளுக்கும் இடையே எவ்வளவு தூரத்தை உண்டாக்கும் என்பதை இந்தப் பட்டியலின் இரண்டு முனைகளில் பார்க்கலாம்.

2018-ல் நடந்தது இன்னும் வலிக்கும். 2017-18-ல் பெல்ஸ் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். சாம்பியனான அதே கோடையில், அடுத்த சீசனின் இரண்டாம் டிவிஷனில்கூட ஆட முடியாது என்று நிதி காரணமாக விலகி, நான்காம் தட்டுக்குப் போனது. காரணம் புதிய விதிகள். முதல் தட்டு முழுநேரம்: வாரம் குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி. இரண்டாம் தட்டுக்கு 8 மணி நேரம். எட்டு என்பது கேட்கச் சின்ன எண். பகலில் வேறு வேலை பார்க்கும் வீராங்கனைகளுக்கு அது நான்கு மாலைகள், மாலைக்கு இரண்டு மணி நேரம். நான்கு மாலையும் விளக்கு எரியும் மைதானம் வேண்டும், பயிற்சியாளரும் ஃபிசியோவும் வேண்டும், வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்கு அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். லண்டன் அணியோடு ஆட்டம் என்றால் ஒரு வழிக்கே 250 கிலோமீட்டருக்கு மேல். இதில் எதுவும் ஒருமுறைச் செலவு அல்ல. அந்த சீசனில் டிவிஷனின் அதிக கோல் அடித்த பெல்ஸ் வீராங்கனை ஜெஸ் சிக்ஸ்வர்த், மான்செஸ்டர் யுனைடெட் புதிதாகத் தொடங்கிய அணிக்குப் போனார்.

பெரிய ஆண்கள் கிளப்பின் நிழலுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் லிங்கன் ஊரின் பெண்கள் அணியைப் பார்க்க வேண்டும். 2011-ல் பெல்ஸோடு சேர்ந்து சூப்பர் லீக்கைத் தொடங்கிய அந்த அணி, 2014-ல் நாட்டிங்ஹாமின் ஆண்கள் கிளப்பான நாட்ஸ் கவுண்டியின் பெயரில் ஊர் மாறியது. 2017 ஏப்ரலில், முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் உரிமையாளர் தரப்பு அதை மூடியது. அடுத்தவர் நிழலில் இருக்கும்போது மைதான நேரம், குறைந்தபட்ச நிதி, மூடுவதற்கு முன் எத்தனை மாத அறிவிப்பு, இவை மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் இப்படித்தான் நடக்கும்.

இப்போது நாற்றங்கால் கணக்கு. 2023 உலகக்கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய மில்லி பிரைட், அந்த ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ், அதே குழுவில் இருந்த பெத் இங்லண்ட், மூவரும் பெல்ஸ் சட்டையில் ஆடியவர்கள். பிரைட் மட்டும் 2009 முதல் 2014 வரை. நாற்று வேறு வயலில் விளைவது இயல்பு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் யார் விடுவது? ஆண்கள் கால்பந்தில், நாடு விட்டு நாடு போகும் இளம் வீரருக்காக அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பது ஃபீஃபா விதி. அது பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று அதே விதிப்புத்தகம் சொல்கிறது. ஈட்டுத்தொகை கட்டவேண்டி வந்தால் வீராங்கனைகளை எடுக்கத் தயங்குவார்கள் என்ற கவலை புரிகிறது. அதற்கு வேறு வழி உண்டு. வீராங்கனை மீது விலை வைக்காமல், லீக்கின் மொத்த வருமானத்தில் எடுக்கலாம்.

சுரங்கக்காரர்கள் 1920-லேயே காட்டிய வழி அது. ஸ்கை, பிபிசி இரண்டும் சேர்ந்து 2025-26 முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சூப்பர் லீக் ஒளிபரப்புக்கு ஒப்புக்கொண்ட தொகை 6.5 கோடி பவுண்டு. ஆண்டுக்கு 1.3 கோடி. அதில் நூற்றுக்கு ஒன்று எடுத்தால் ஆண்டுக்கு 1,30,000 பவுண்டு. வீராங்கனை 21 வயதுக்குள் எந்தெந்தக் கிளப்பில் எத்தனை ஆண்டு பதிவாகியிருந்தார் என்பது எஃப்.ஏ.வின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த ஆண்டுக் கணக்கின்படி பங்கு பிரித்து, மூன்றாம் தட்டிலும் அதற்குக் கீழேயும் ஆடும் கிளப்புகளுக்கு நேராக அனுப்பலாம். மைதான வாடகைக்கும் ஃபிசியோவுக்கும் மட்டும் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். டன்னுக்கு ஒரு பென்னி வசூலித்த நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.