முயலை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

ஈட்டி பிடித்த முயல், நத்தையோடு மல்லுக்கட்டும் வீரன், குழலூதும் குரங்கு என்று இடைக்கால ஐரோப்பிய ஏடுகளின் படங்கள் இணையத்தில் அடிக்கடி சுற்றி வருகின்றன. அவற்றில் சில பாட்டு ஏடுகள். படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவதால் ஸ்வரக் கோடுகளைக் காணோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

தேவாலயப் பாடகர் குழு ஒரே பெரிய ஏட்டை விரித்து வைத்து, சுற்றி நின்று பாடும். நான்கு குரல் பாட்டென்றால் பெரும்பாலும் இடப்பக்கம் மேலே உச்சக் குரல், கீழே டெனர் என்கிற ஆண் குரல். வலப்பக்கம் மற்ற இரண்டும். அவரவர் குரல் எங்கே தொடங்குகிறது என்று தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு குரலின் தொடக்கத்திலும் ஒரு பெரிய முதலெழுத்து. 1500ஐ ஒட்டி, இன்றைய பெல்ஜியத்தில் பாட்டு ஏடுகளை எழுதித் தந்த அலமீரே பட்டறையின் ஏடுகளில் அந்த எழுத்தின் வளைவிலேயே தொங்கு மூக்கும் கோணல் வாயுமாய் முகங்கள் முளைக்கும். (பட்டறைக்காரர் வைத்துக்கொண்ட பெயரே ஒரு ஸ்வரத்தின் பெயர்: ஏ-லா-மி-ரே.)

இந்த வகை எழுத்துக்குக் கேடல் என்று பெயர். வண்ணமோ தங்கமோ தேவையில்லை. எழுதுகிற பேனாவும் மையுமே போதும். பட்டை முனை இறகால் இணைகோடுகளை இழுத்துப் பின்ன வேண்டும், கோலத்தில் சிக்குப் போடுவதுபோல. மெல்லிய முனையால் கண்ணும் பல்லும் கடைசியில். முதல் கோடு காய்வதற்குள் குறுக்கே இழுத்தால் சந்திப்பில் மை தேங்கி இழுபடும். ஏட்டின் பக்கம் பதப்படுத்திய விலங்குத் தோல்; அதில் எண்ணெய்ப்பசை இருந்தால் மை ஒட்டாது, முன்பே சுண்ணத்தூள் தேய்க்க வேண்டும். பிழையைக் கத்தியால் சுரண்டலாம். சுரண்டிய இடம் சொரசொரத்து, அடுத்த கோடு ஊறிப் பரவும். மையோ மாசிக்காய், அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கருவேலம் பிசின். எல்லாம் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. அன்னபேதி கூடிப்போனால் நாளடைவில் மை தோலையே அரித்துவிடும்.

வண்ண எழுத்தென்றால் வேறு ஆள் வரைவார். அவருக்காக இடம் விட்டு, மூலையில் பொடியாக ஓர் எழுத்தைக் குறித்து வைப்பார்கள். அவர் வராமலே போன ஏடுகளும் உண்டு. அங்கே 'Dominus' (லத்தீனில் ஆண்டவர்) என்ற பாட்டு தலையெழுத்தில்லாமல் 'ominus' என்று தொடங்கும்.

வெட்டுவது புதுப் பழக்கமும் அல்ல. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய வழிபாட்டு ஏடுகளிலிருந்து வெட்டிய ஓவியங்களை 1825இல் லண்டனின் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் ஏலம் விட்டார்கள். பாட்டு ஏட்டிலிருந்து வெட்டிய முதலெழுத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கப் பாட்டின் கோடுகளும் ஸ்வரங்களும் பாதியில் அறுந்து நிற்கும்.