ஐட்டானியத்துக்கு இன்னும் எத்தனை நாள் சோறு போடுவது?

கோத்தகிரியில் நேற்று நான்கு மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது. மலையில் குடியிருந்தால் அதெல்லாம் பழகிவிடும். பழகாதது என் கணினிக்குள் இருக்கிறது: ஐட்டானியம் என்று இன்டெல் விற்று, இப்போது செத்துப்போன ஒரு பிராசசருக்காக யாரோ எழுதிவைத்த கோட்.

நாங்கள் பராமரிப்பது ஒரு டீபக்கர், அதாவது நிரல்களில் பிழை தேட உதவும் மென்பொருள். அதில் பிரேக்பாயிண்ட், அதாவது ஓடும் நிரலை ஓரிடத்தில் நிறுத்தும் குறி, வைக்கும் பகுதியைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அரை நாள் வேலை. சாதாரணக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகைப் பிராசசரில் பிரேக்பாயிண்ட் என்பது ஒரே ஒரு பைட். கட்டளையின் முதல் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு அங்கே பொறியை வைத்தால் முடிந்தது. ஐட்டானியம் மகாராஜாவுக்கு அது ஆகாது. 128 பிட்டில் ஒரு மூட்டை, அதற்குள் 41 பிட் வீதம் மூன்று கட்டளைகள், மீதி 5 பிட்டில் அந்தக் கட்டளைகளின் வகையைச் சொல்லும் குறிப்பு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்; 41ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், என் தலைவலி புரியும். ஆகவே அவருக்கென்று தனிக் கோப்பு. அது போதாதென்று பொதுக் கோப்புகளிலும் பத்தடிக்கு ஒரு முறை "ஐட்டானியமாக இருந்தால்" என்று ஒரு கிளை. ஒன்பது நாள் போய்விட்டது.

2001இல் வந்த அந்தப் பிராசசரின் கடைசிச் சரக்கை இன்டெல் 2021இலேயே அனுப்பி முடித்துவிட்டது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 6.7இலும் அதற்கான கோடைத் தூக்கிவிட்டார்கள். எங்களிடம் ஓட்டிப் பார்க்க ஓர் இயந்திரம்கூட இல்லை. கம்பைல் ஆனால் கும்பிடு போட்டு அனுப்புகிறேன். உள்ளே ஓடுமா என்பது அந்தச் சாமிக்கே வெளிச்சம்.

நீக்கிவிடலாமே என்றால், "இருந்துவிட்டுப் போகட்டும், அது என்ன சோறா கேட்கிறது?" என்கிறார் மேலாளர். கேட்கிறது சார்! என் ஒன்பது நாளைத் தின்றது பின்னே எது?

"உங்கள் ஊரில் மட்டும் பழைய மலை ரயிலை ஓட்டவில்லையா?" என்று இன்னொருவர் சிரிக்கிறார். ஓட்டுகிறோம். 1899இல் குன்னூர் வரை வந்த ரயில் அது. இன்றும் டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஐட்டானியத்தில் ஏற ஒரு பயணியைக் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: நடுவில் பல் பதித்த தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். அதற்கு மேல் ஊட்டி வரை தேவைப்படவில்லை, அதனால் போடவில்லை. 1908இல் பாதையை நீட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது.

கோபத்தில் நேற்றிரவு என் பிரதியில் அந்தக் கோப்பை நானே அழித்துப் பார்த்தேன். ஆர்ம் என்ற வேறொரு பிராசசர் வகைக்கான பக்கம் உடைந்தது. எந்தப் புண்ணியவானோ ஐட்டானியம் கோப்பிலிருந்த ஒரு சின்ன ஃபங்ஷனை அங்கே கடன் வாங்கியிருக்கிறார். சீகை மரத்தை வெட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் கன்று முளைத்து நிற்குமே, அதே கதை. மேலே ஒரு குறிப்பு வேறு: "தற்காலிக ஏற்பாடு, அடுத்த வெளியீட்டில் சரிசெய்யப்படும்." தேதியைப் பார்த்தேன். 2009.